இரண்டு லோட் ஆற்று மணல்: ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம், மற்றதுக்கு ஒன்று

வீட்டுப் பூச்சு வேலைக்காக மட்டக்களப்பு செங்கலடிப் பக்கம் ஒரு மணல்காரரிடம் இரண்டு லோட் எடுத்தேன். பெயர் வேண்டாம், நாளைக்கும் அவரிடம்தான் போகவேண்டி வரும்.

ஆகஸ்டில் வந்த முதல் லோடில் குறையே இல்லை. கையில் நெரித்தால் கரகரவென்றது, கையைத் தட்டினால் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாவது, மாரி வெள்ளம் வடிந்த கையோடு தை மாதம் வந்தது. அதே டிப்பர், "அதே முந்தனை ஆற்று மணல்தான்" என்று சத்தியம் வேறு. மேசன் அண்ணன் ஒரு பிடியை உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஆத்து மணல் இல்ல, ஆத்தங்கரை மண்."

சரி என்று ஒரு போத்தலில் பாதிக்கு அந்த மணல், மேலே உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். பருமணல் கண்மூடித் திறப்பதற்குள் அடியில் உட்கார்ந்தது, அதற்கு மேல் மென்மணல், சேறு மட்டும் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே இருந்தது. மூன்று மணித்தியாலம் கழித்து அடிமட்டம் வைத்தால் மணல் 10 சென்ரிமீற்றர், சேறு 2. முதல் லோடில் சேறு அரை சென்ரிமீற்றர்தான். நூற்றுக்கு 8க்கு மேல் சேறு வந்தால் நம்பாதே என்பது பொதுவான கணக்கு.

ஆறும் இதைத்தான் செய்கிறது. ஓ/எல் புவியியலில் வானிலையாலழிதல், அரிப்பு, படிவு என்று பாடமாக்கினோமே, அதேதான். குடும்பிமலைப் பக்கத்துப் பாறைகள் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை வகை. மழைநீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு அதிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்கிவிடும், குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் மட்டும் அசையாமல் மணலாக மிஞ்சும். அதாவது மணலும் சேறும் ஒரே பாறையின் பிள்ளைகள், பிரித்துவைப்பது ஆறு. வேகம் குறையக் குறைய மணலை முதலில் படுக்கையில் போட்டுவிடும், சேற்றை வெள்ளத்தோடு கரைக்கு மேலே ஏற்றி வயலில் விட்டுவிட்டுப் போகும். தையில் ஆற்றில் தண்ணீர் நின்றிருக்கும், இவர் இறங்கச் சோம்பல்பட்டுக் கரையை வெட்டியிருக்கிறார் என்பது என் சந்தேகம். கரையை வெட்டினால் அடுத்த வெள்ளத்துக்கு யாருடைய வயல் போகுமோ, அது வேறு கதை.

கல்லடிக் கடற்கரையில் இவ்வளவு மணல் கிடக்கிறதே என்றான் மச்சான். கடல் மணலில் இருக்கும் உப்பு கம்பியைத் தின்றுவிடும், அப்புறம் கொங்கிரீட் வெடிக்கும். அந்தப் பேச்சே வேண்டாம்.

எடுப்பதென்றால் கோடையில் எடுங்கள், இறக்குவதற்கு முன் போத்தலில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். எனக்குச் சண்டை பிடித்த பிறகுதான் பாதிக் காசு திரும்பியது. மண்ணை முற்றத்தில் பரப்பி வாழை வைத்தேன், குட்டி போட்டுவிட்டது.