சிங்கப்பூர் வேலை: ஐபிஏ முழுசாகக் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்

எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான சிங்கப்பூர் அனுமதி) என்று பேசி ஒர்க் பெர்மிட்டில் (சாதாரணத் தொழிலாளிக்கான அனுமதி) ஏற்றிவிடும் வேலை இன்னும் நின்றபாடில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறோம். எஸ் பாஸ், மாதம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொல்லி ஊர் ஏஜென்ட் நாலு லட்சம் வாங்கினார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐபிஏ (வேலை அனுமதிக்குச் சிங்கப்பூர் அரசு தரும் முன்ஒப்புதல் கடிதம்) படத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்தன, கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார்கள். முழுக் கடிதம் கிடைத்தது ஏர்போர்ட் வாசலில்தான். பார்த்தால் ஒர்க் பெர்மிட், அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி. வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம், வேறு வழியில்லாமல் விமானம் ஏறிவிட்டான்.

1,800 என்றபோதே பொய் வெளிப்பட்டுவிட்டது. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 3,300 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் கூடும்.

“பேசிக் கம்மிதான் தம்பி, ஓவர்டைம்ல அள்ளிடலாம்” என்பார்கள். நம்பாதீர்கள். ஓவர்டைம் என்பது அடிப்படைச் சம்பளத்தின் ஒரு மணி நேரக் கூலியைப் போல ஒன்றரை மடங்கு. பேசிக் அடிவாங்கினால் அதுவும் சேர்ந்தே அடிவாங்கும். அதனால் ஐபிஏ-வில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் மூன்றையும் தனித்தனியாகப் படியுங்கள். புறப்படும் முன்பே அதைத் தொழிலாளிக்குத் தரவேண்டியது முதலாளியின் கடமை. தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கடிதம் அசல்தானா என்று எம்ஓஎம் (சிங்கப்பூர் மனிதவள அமைச்சு) இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பேச்சையே விடுங்கள். விசிட்டில் வேலை செய்வது அங்கே குற்றம்.

இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜிஎஸ்டி. பதிவு உண்டா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். ரொக்கமாக வாங்கிக்கொண்டு “டிரெயினிங் ஃபீஸ்” என்று ரசீது தருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது அந்த ரசீதே அவருக்குச் சாதகமாகிவிடும்.

அங்கே போனபின் சம்பளத்தைக் குறைக்கச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துச் சம்மதமும் எம்ஓஎம்-க்குத் தகவலும் இல்லாமல் ஐபிஏ சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. லெவியும் (வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருப்பதற்கு அரசுக்குக் கட்டும் தொகை) அவர் கட்டவேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. சம்பளப் பாக்கி இருந்தால் டாடமில் (சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் சிங்கப்பூர் அமைப்பு) புகார் கொடுக்கலாம், வேலையை விட்டவர்களுக்கு ஆறு மாதம்தான் கெடு. ஐபிஏ, சம்பளச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றிலும் ஒரு பிரதியை ஊரில் வீட்டாரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.