போக்கே ஜெயித்த இரவும் ஒரு பன்னி சௌ கடையும்

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. எங்கள் தென்னாப்பிரிக்க அணி ஸ்பிரிங்பாக்ஸ் (செல்லமாக 'போக்கே') நியூசிலாந்தோடு மோதிய ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியை, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பன்னி சௌ கடையில் பார்த்தேன். குடும்பமாக நடத்துகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று அங்கிள் கேட்டுக்கொண்டார். பச்சை ஷட்டர் கடை என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் வழி காட்டுவார்கள்.

முதலில் சாப்பாடு. குவார்ட்டர் மட்டன் பன்னி வாங்குங்கள். கால் ரொட்டியைக் குடைந்து, எலும்போடு வெந்த ஆட்டுக்கறியையும் உருளைக்கிழங்கையும் நிரப்பி, குடைந்தெடுத்த துண்டை மேலே வைத்துத் தருவார்கள். உருளை கரைந்து குழம்பு கெட்டியாக இருக்கிறது. ரொட்டியின் அடிப்பக்கம் கடைசி வாய் வரை உடையவில்லை. காரம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஏறும். தொட்டுக்கொள்ளத் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். பீன்ஸ் பன்னி சுமார்தான், உப்பு குறைவு.

ஆனால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இவர்கள் மேட்ச் பார்க்கும் விதத்துக்கு. திரை உயரத்தில் இருப்பதால் எந்த மேசையிலிருந்தும் ஸ்க்ரம் (இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது) முழுதாகத் தெரிகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறது, மின்வெட்டுக் கவலை இல்லை. இரண்டாம் பாதியில் பாதி நேரம் போனதும் ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் ஆர்டர் கொடுக்கவும் இல்லை.

எப்படிக் கொடுப்பது? காலிறுதியில் பிரான்சை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என்று ஒரு புள்ளியில் தப்பித்து வந்த அணி. இறுதிப் போட்டியில் எங்கள் பொலார்டின் நான்கு பெனால்டி உதையில் 12 புள்ளி வந்தது, எல்லாம் முதல் பாதியிலேயே. அப்புறம் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. 58-ஆவது நிமிடம் நியூசிலாந்தின் போடன் பேரட் ட்ரை வைத்தார் (எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார்), 12-11. ட்ரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதையான கன்வெர்ஷனை மோவுங்கா வெளியே அடித்தார். 73-ஆவது நிமிடம் எங்கள் கோல்பி பந்தைத் தட்டிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடத்துக்கு வெளியேற, அதற்குக் கிடைத்த பெனால்டியில் ஜோர்டி பேரட்டின் நீண்ட உதையும் வெளியே. மைதான ஓரத்து நாற்காலியில் கோல்பி சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே வெளியேறிச் சிவப்பு அட்டை வாங்கியிருந்ததால் இரு பக்கமும் 15-க்குப் பதில் 14 பேர். எங்கள் டு டாய்ட் 28 டாக்கிள் போட்டார். அவர் யாரையாவது சாய்க்கும்போதெல்லாம் கடை முழுக்க ஒரே மூச்சு வெளியே வந்தது.

12-11. நான்காவது உலகக் கோப்பை. எழுந்து நின்றேன், கத்தக் குரல் வரவில்லை, கை நடுங்கியது. கும்பகோணத்தில் பிறந்து இங்கே வந்து குடியுரிமை வாங்கியவன் நான். கிரிக்கெட்டில் எந்தப் பக்கம் என்று இன்னும் கேட்பார்கள். ரக்பியில் அந்தக் கேள்வியே கிடையாது. ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட 14 பேரோடு ஆடிய நியூசிலாந்து ஜெயித்திருந்தாலும் நியாயம்தான். அதனாலேயே இந்தக் கோப்பை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அங்கிள் அழுதார். நிறவெறிக் காலத்தில் மைதானத்தில் தனியே ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்து அவருடைய அப்பா ஆல் பிளாக்ஸுக்குத்தான், அதாவது நியூசிலாந்துக்குத்தான், கைதட்டுவாராம். வீட்டில் யாரும் ஸ்பிரிங்பாக் சட்டையைத் தொட்டதில்லை. 1995-இல் தென்னாப்பிரிக்கா முதல் உலகக் கோப்பையை வென்ற பிறகுதான் மனசு மாறியது என்றார். அன்று, ஸ்விடே என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பில் பிறந்த எங்கள் கேப்டன் கோலிசி இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கினார், அங்கிளின் பேத்தி பச்சைச் சட்டையில் மேசை மேல் ஏறி நின்று "போக்கே!" என்று கத்தினாள். அவளைக் கீழே இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோருக்கும் இஞ்சி டீ வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

கார்டு கிடையாது, ரொக்கம் கொண்டுபோங்கள். வண்டி நிறுத்த இடம் குறைவு. மேட்ச் நாளில் மதியமே போன் செய்து மட்டனைச் சொல்லிவையுங்கள், ஏழு மணிக்கு மேல் கிடைப்பது சந்தேகம்.