மாமல்லபுரமா, தரங்கம்பாடியா? கடலோரம் போக ஒரு நாள் கிடைத்தால்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, கடலும் பார்க்கவேண்டும், பழைய காலத்துக் கட்டடமும் பார்க்கவேண்டும், முடிந்தால் ஒரு கலங்கரை விளக்கத்தில் ஏறவும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கடைசியில் மிஞ்சும் கேள்வி மாமல்லபுரமா, தரங்கம்பாடியா என்பதுதான். இரண்டுக்கும் நான் பலமுறை போயிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் மெரினாவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வீட்டுப் பக்கத்திலேயே கலங்கரை விளக்கம் இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும்" என்று கேட்பார்கள். மெரினாவில் லிஃப்ட் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் மேலே போய்க் கடலைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் 1970களில் கட்டியது அது. சென்னையின் பழைய விளக்குகள் வேறு இடத்தில் இருந்தன: 1796ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல், 1844ல் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணில், 1894ல் அந்த நீதிமன்றக் கோபுரத்திலேயே. அதெல்லாம் நினைத்த நேரத்தில் ஏறிப் பார்க்கக்கூடிய இடங்கள் இல்லை. சரி, மெரினாவை இத்தோடு விடலாம்.

மாமல்லபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான், காலையில் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். இங்கே எனக்குப் பிடித்தது கலங்கரை விளக்கத்தைவிட அது நிற்கும் பாறைதான். அதே குன்றில் கீழே மகிஷாசுரமர்த்தினி குகை, அதன் தலைக்கு மேல் எட்டாம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் 1900ல் ஆங்கிலேயர் கருங்கல்லால் எழுப்பிய கலங்கரை விளக்கக் கோபுரம். அந்தக் கோயிலை ஊர்ப்பக்கம் உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்பார்கள், விளக்குக்குத் தினமும் ஓர் உழக்கு எண்ணெய் என்று பெயருக்குக் காரணமும் சொல்வார்கள். எண்ணெய்க் கதை எப்படியோ, கல் கோபுரம் எழும்புவதற்கு முன்னால் ஆங்கிலேயர் கப்பல்களுக்காக விளக்கு வைத்தது இந்தக் கோயிலின் மொட்டைத் தலையில்தான். கோயிலும் கோபுரமும் ஒன்றையொன்று தொடுவதுபோல நிற்கின்றன. இப்படி ஒரு காட்சியை இந்தக் கரையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பாதுகாப்புக் காரணத்தால் 2001ல் மூடிய விளக்கத்தை 2011ல்தான் மறுபடி திறந்துவிட்டார்கள். உள்ளே வட்டமாகச் சுற்றிப் போகும் படிகள் குறுகல். முடிவில் செங்குத்தாக ஏறி, குனிந்து வெளியே வரவேண்டும். வந்த உடனே காற்று துப்பட்டாவைப் பிடுங்கும், குழந்தையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடற்கரைக் கோயில் உள்ளங்கை அளவுக்குத் தெரியும், தெற்கே வெளிச்சமான நாளில் கல்பாக்கம் வரை பார்வை போகும், கீழே தெருவிலிருந்து சிற்பிகளின் உளிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். இறங்கி வந்ததும் ஓடிவிடாமல் குகைக்குள் போங்கள். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு வருகிறாள், எருமைத் தலையன் மகிஷாசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடியே பின்னால் சாய்கிறான், இன்னும் தோற்கவில்லை, ஆனால் தோற்கப்போகிறான் என்று அவன் கால் சொல்கிறது. எதிர்ச் சுவரில் திருமால் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

குறை என்றால் கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மே மாதம் என்றால் போகாதீர்கள், பாறை கொதிக்கும்.

தரங்கம்பாடிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வருவது வதை, ஓர் இரவாவது தங்கவேண்டும். ஏறிப் பார்க்கக் கலங்கரை விளக்கமும் இங்கே இல்லை. அப்படியிருந்தும் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்றால் நான் எடுப்பது இதைத்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலுக்கு நேர் முகமாக நிற்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், சிறை, மேலே கவர்னர் இருந்த பகுதி. சுவர்களுக்குள் நடக்கும்போது வெளியே அலை இரைவது கேட்டுக்கொண்டே இருக்கும். 1845ல் விலை பேசி ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

ஆனால் இந்த ஊரைத் தமிழ் படிக்கிறவர்கள் பார்க்கவேண்டியதற்குக் காரணம் கோட்டை மட்டுமல்ல. 1706ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், ஊர்ப்பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் பழகியதாகச் சொல்வார்கள். சில வருடங்களில் இந்த ஊரிலேயே அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718ல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம் ராஜ வீதியில் இருக்கிறது, அவர் அடக்கமானதும் அங்கேதான்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ல் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று சொல்வது இங்குள்ள கல்வெட்டுதான். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பெரிய பெரிய கற்களைக் கொட்டியிருக்கிறார்கள், அலை அதில் மோதிச் சிதறும்போது நெஞ்சில் ஏதோ பிசையும்.

முதல்முறை போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் யோசிக்காமல் மாமல்லபுரம் போங்கள். பிள்ளைகளுக்கு ஏறவேண்டும், உச்சிக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்ளவேண்டும். ஓர் இரவு ஒதுக்க முடிகிறவர்கள் சாயங்காலமே தரங்கம்பாடி சேர்ந்துவிடுங்கள், ராத்திரி சீக்கிரம் தூங்கி, விடியுமுன் கோட்டைக்கு முன்னால் மணலில் போய் உட்காருங்கள். ஐந்தரை மணிக்கு மீனவர்கள் படகைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். சூரியன் கடலிலிருந்து எழும்பி முதலில் தொடுவது அந்தக் கோட்டைச் சுவரைத்தான், அப்போது திரும்பிப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.