சென்னையில் சக்கர நாற்காலியுடன்: பேருந்து வந்துவிட்டது, நிறுத்தம் வரவில்லை

இந்த முறை இலண்டனிலிருந்து ஊருக்குப் புறப்படும்போதே, சென்னைக்குள் வாடகைக் காரை நம்பாமல் மெட்ரோ, மாநகரப் பேருந்து, ரயில் ஆகியவற்றிலேயே இயன்றவரை பயணம் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயத்துக்குப் பிறகு பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இயங்குபவன் நான். முன்பெல்லாம் ஊருக்கு வந்தால், உறவினர் ஒருவருடைய காரும் அதில் என்னைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேரும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. 2024 ஆகஸ்டில் சென்னையில் படியில்லாமல் ஏறக்கூடிய புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின என்றும், அடுத்த ஆண்டு ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன என்றும் படித்தபின், ஏறிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்வது முறையாகாது என்று தோன்றியது. சக்கர நாற்காலியோடு வருபவர்களுக்கும், நடக்கச் சிரமப்படும் பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெட்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நன்றாக இருக்கிறது. 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கி, முதல் கட்டத்தில் 54 கிலோமீட்டருக்கு நீண்டிருக்கும் அந்தத் தடத்தில், மின்தூக்கி, அகலமான கட்டணவாயில், பார்வையற்றோருக்கான மஞ்சள் நிறத் தொடுதளக் கற்கள், பெட்டிக்குள் சக்கர நாற்காலிக்கான இடம் எல்லாம் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் சேர்ந்து வந்தவை. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் யாருடைய உதவியும் இன்றி ஏறி இறங்கினேன். முன்சக்கரம் சிறிதாக உள்ள நாற்காலியில் வருபவர்கள் மட்டும், இடைவெளியில் அது சிக்காதபடி முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நுழைவது நல்லது. விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருப்பது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய வசதி.

பேருந்தின் கதை வேறு. அதன் பின்னணியை அறியாமல் இன்றைய நிலையைப் புரிந்துகொள்வது கடினம். சென்னையின் சாதாரணப் பேருந்துகள் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் உடலைக் கட்டிய வகையைச் சேர்ந்தவை. உள்ளே போக வேண்டுமானால் படிகளில் ஏறித்தான் ஆக வேண்டும். 1995ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் போக்குவரத்தைப் பற்றித் தெளிவாகப் பேசினாலும், புதிய பேருந்துகள் வாங்கும்போதெல்லாம் பழைய உயரத்திலேயே வாங்கும் பழக்கம் தொடர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளரான வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குதான் அதை நிறுத்தி யோசிக்க வைத்தது. சாலைகளின் நிலையும் செலவும் தாழ்தளப் பேருந்துகளுக்கு ஒத்துவராது என்ற வாதங்களைக் கடந்து, வாங்கப்படும் பேருந்துகளில் ஒரு பகுதியாவது தாழ்தளமாக இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு விஷயம் நகர்ந்தது. இப்போது தெருவில் ஓடும் ஒவ்வொரு தாழ்தளப் பேருந்தும் வழக்காடிப் பெற்றது என்பதை, அதில் சொகுசாக ஏறும் நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் முதலில் ஏறியது பேருந்து முனையம் ஒன்றில். ஓட்டுநர் வண்டியை இடப்பக்கமாகக் குனிய வைத்தார். நடத்துநர் இறங்கிவந்து நடுவாசலில் மடிந்திருந்த பலகையை விரித்தார். நான் ஏறி, எனக்கான இடத்தில் நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, இடைவாரைப் பூட்டிக்கொண்டேன். பள்ளி நாட்களில் படியில் தொங்கிக்கொண்டு போன ஊரில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பயணியாகச் சன்னலோரம் உட்கார்ந்து அண்ணா சாலையைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் குரல் அறிவித்தது. பயணச்சீட்டு வாங்கிக்கொண்டேன், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை என்றாலும், அது இங்குள்ள அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கானது, என்னைப் போன்ற விருந்தாளிக்கு அல்ல.

சிக்கல் இறங்கும்போதுதான் வந்தது. நிறுத்தத்தை ஒட்டி ஆட்டோக்களும் சரக்கு வண்டி ஒன்றும் நின்றதால் ஓட்டுநரால் நடைபாதையை அணுக முடியவில்லை. வண்டி சாலையின் நடுவிலேயே நின்றது. பலகையை விரித்தால் அது தார்ச்சாலையில் போய் முட்டி நின்றது. பின்னால் வந்த இருசக்கர வாகனங்கள் அந்த இடைவெளியிலும் புகுந்து போயின. பின்புறமாக, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மெல்ல இறங்கினேன்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். தாழ்தளப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து 400 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. குனிந்தபின் அது 340 மி.மீ. ஆகிறது என்றும், பலகையின் நீளம் ஒரு மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பலகை சாலையில் இறங்கினால் சரிவு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. அதுவே 150 மி.மீ. உயரமுள்ள நடைபாதையில் இறங்கினால் ஐந்துக்கு ஒன்று. கட்டடங்களில் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டி. ஐந்துக்கு ஒன்றில் வலுவான கையுடைய ஒருவர் முயன்று ஏறலாம், அல்லது ஒருவர் பின்னால் தள்ளினால் போதும். மூன்றுக்கு ஒன்றில் தனியாக ஏறுவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பேருந்து ஒன்றுதான், அது நடைபாதையை ஒட்டி நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்பதைப் பொறுத்து, அது எனக்கான வாகனமாகவும் இல்லாததாகவும் மாறுகிறது. நடைபாதை 150 மி.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதி சொல்கிறது. நான் பார்த்த நிறுத்தங்களிலோ, ஒன்று நடைபாதையே இல்லை. அல்லது சக்கர நாற்காலி ஏறவே முடியாத உயரத்தில், சரிவு எதுவும் இல்லாமல் இருந்தது. நிழற்குடையின் இரும்புக் கால்கள் பலகை விரிய வேண்டிய இடத்திலேயே ஊன்றப்பட்டிருப்பதையும் கண்டேன்.

இலண்டனோடு ஒப்பிட்டு ஊரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த ஒப்பீட்டில் உண்மையும் குறைவு. இலண்டனில் படி ஏறிச் செல்லும் பழைய ரூட்மாஸ்டர் பேருந்துகள் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றது 2005 டிசம்பரில்தான். 1990களில் அங்கும் மாற்றுத்திறனாளிகள் தங்களைப் பேருந்துகளோடு விலங்கிட்டுப் பூட்டிக்கொண்டு போராட வேண்டியிருந்தது. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பேருந்துகள் எல்லாம் தாழ்தளமாக மாறிய அந்த ஆண்டில் அங்கிருந்த நிறுத்தங்களில் பெரும்பான்மை சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக இருக்கவில்லை. நடைபாதை விளிம்பைக் குறிப்பிட்ட உயரத்துக்கு உயர்த்துவது, பேருந்து ஒட்டி நிற்க வேறு வண்டிகள் நுழையாத இடத்தைச் சாலையில் வரைந்து காப்பது, குப்பைத்தொட்டியையும் கம்பத்தையும் நகர்த்துவது என்று நிறுத்தம் நிறுத்தமாகப் போய் வேலை செய்ததில் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடின. அதன் பிறகே 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் ஏற்றவையாயின. சுரங்க ரயிலிலோ இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்கு நிலையங்கள் அளவுக்குத்தான் படியில்லாமல் போக முடியும். அந்த வகையில் சென்னை மெட்ரோ எவ்வளவோ மேல். சென்னைப் பேருந்து இன்று நிற்பது ஏறக்குறைய 2005இன் இலண்டனில். அடுத்த வேலை நிறுத்தங்களில் இருக்கிறது. அந்த வேலை போக்குவரத்துக் கழகத்தின் கையில் மட்டும் இல்லை, மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல் ஆகிய மூவரின் கையிலும் பிரிந்து கிடக்கிறது. பேருந்து வாங்குவதைவிட இது மலிவானதுதான். ஆனால் கொடியசைத்துத் தொடங்கி வைக்க ஒன்றும் இல்லாத வேலை.

உதவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "கவலைப்படாதீங்க சார், தூக்கி வச்சிடலாம்" என்ற வாக்கியத்தை எல்லா இடத்திலும் கேட்டேன். பூ விற்கும் அம்மா முதல் கல்லூரி மாணவர்கள் வரை, கேட்பதற்கு முன்பே கை நீட்டினார்கள். இலண்டனில் இப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அந்த அன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் தூக்கப்படுவது பயணம் செய்வதாகாது. நாற்காலியின் எந்தப் பகுதியைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் கழன்று வரும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் விழுபவன் நான். பெண் பயணிகளுக்கு அறிமுகமில்லாத ஆண்கள் தூக்குவது எவ்வளவு கூச்சம் தரும் என்பதைச் சொல்லவே வேண்டாம். நாள்தோறும் அலுவலகத்துக்குப் போகிற ஒருவர், இன்று காலை எட்டரை மணிக்கு நல்ல மனிதர்கள் நாலு பேர் நிறுத்தத்தில் இருப்பார்கள் என்று நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியாது.

அதனால்தான் சென்னையில் இயக்கக் குறைபாடுள்ள பலர் பேருந்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை. அரசு வழங்கும், பின்னால் இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்தான் அவர்களுடைய பொதுப் போக்குவரத்து. அது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. கைகளில் வலுவில்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பயன்படாது என்பதும் அதே அளவு உண்மை. "பலகையெல்லாம் இருக்கு, ஆனா யாரும் ஏறுறதில்லையே சார்" என்று ஓர் ஊழியர் உண்மையான வியப்போடு கேட்டார். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை வர வழி இல்லாதபோது யார் ஏறுவார்கள்? மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பல முக்கியச் சாலைகள் தோண்டப்பட்டிருப்பதால், இருந்த நடைபாதைகளும் இப்போது தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் போய்விட்டன. இருசக்கர வாகனங்கள் ஏறாமலிருக்க நடைபாதை முனைகளில் நெருக்கமாக நட்ட கம்பங்கள், வாகனங்களை எப்போதாவது தடுக்கின்றன. சக்கர நாற்காலியை எப்போதும் தடுக்கின்றன. தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில் கால் மணி நேரம் உருண்டு சென்றபோதுதான், இந்த நகரத்துக்கு இதைச் செய்யத் தெரியாமல் இல்லை என்பது விளங்கியது.

பார்வையற்ற நண்பர் ஒருவரோடு ஒரு பிற்பகல் பயணம் செய்தேன். வண்டிக்குள் வரும் அறிவிப்பு அவருக்கு மிகவும் பயன்படுகிறது. ஆனால் அவருடைய சிரமம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேருந்துகள் வந்து நிற்கும்போது எது எந்தத் தடம் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் அவர் ஓட வேண்டும். வண்டியின் வெளிப்புறத்தில் ஓர் ஒலிபெருக்கி தட எண்ணைச் சொன்னால் போதும் என்றார்.

தென்மாவட்டத்துக்கு ரயிலிலும் போய் வந்தேன். கட்டணச் சலுகையில் ரயில்வே தாராளமானது: துணையின்றிப் பயணம் செய்ய இயலாத இயக்கக் குறைபாடுள்ளவருக்கும் உடன் செல்பவருக்கும், உரிய சான்று இருந்தால், படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் 75 விழுக்காடு, இரண்டடுக்கில் 50 விழுக்காடு. பல விரைவு ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று அகன்ற வாசலும் பெரிய கழிப்பறையும் கொண்ட பகுதி உண்டு. ஆனால் உயர்மட்ட நடைமேடையின் உயரம் 760 முதல் 840 மி.மீ. வரைதான், எல்.எச்.பி. என்னும் இன்றைய வகை ரயில் பெட்டிகளின் தளமோ ஏறத்தாழ 1,300 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இடையில் கிடக்கும் அரை மீட்டரை எந்தச் சலுகையும் கடக்கச் செய்யாது. போர்ட்டர்கள் இருவர் தூக்கித்தான் ஏற்றினார்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் வண்டியின் கோடியில் கார்டு பெட்டியை ஒட்டி அமைவதால், கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் நின்று காத்திருக்கவும் நேர்ந்தது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பேருந்து முனையத்துக்கும் இதே முரண் பொருந்தும்: முனையம் சக்கர நாற்காலியை வரவேற்கிறது, அங்கிருந்து புறப்படும் நெடுந்தூரப் பேருந்துகளின் வாசலில் படிகள் நிற்கின்றன.

சட்டத்தின் பக்கம் ஓர் அசைவு உண்டு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி, கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் வழிகாட்டியாக்கிவிட்டதால் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அத்தகைய தரங்கள் பேருந்தின் தள உயரத்தோடு நின்றுவிடாமல் நிறுத்தத்தின் விளிம்பு உயரத்தையும், கம்பங்களுக்கு இடையிலான அகலத்தையும், நடைமேடையிலிருந்து ரயில் பெட்டி வரையிலான இடைவெளியையும் தொட வேண்டும்.

வரவிருப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தங்குமிடத்தை மெட்ரோ நிலையத்துக்கு அருகில், இடையில் பெரிய சாலையைக் கடக்க வேண்டாத பக்கத்தில் தேர்ந்துகொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதால் மின்சார நாற்காலியைவிட, மடக்கிப் பின்புறம் வைக்கக்கூடிய இலேசான நாற்காலியே உதவும். தாழ்தளப் பேருந்தில் பயணம் செய்ய விரும்பினால் முனையத்திலிருந்து முனையத்துக்கு, முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு செல்லுங்கள். வண்டி விளிம்பை ஒட்டி நிற்க இடமும், நடத்துநருக்குப் பலகையை விரிக்கப் பொழுதும் அப்போதுதான் கிடைக்கின்றன. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், உங்கள் பெட்டி நடைமேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதை நிலைய ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, நாற்காலியின் எந்தெந்தப் பகுதியைப் பிடிக்கலாம் என்பதைத் தூக்குபவர்களுக்கு வண்டி வருமுன்பே காட்டிவிடுங்கள்.