கடற்கரையில் ‘மாயா முறைத் திருமணம்’: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மெக்சிகோவின் கரீபியக் கடற்கரையில், கான்குன் முதல் துலும் வரையுள்ள பகுதியில், ‘பாரம்பரிய மாயா முறைப்படி திருமணம் நடத்தித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் ஏற்பாட்டாளர்கள் ஏராளம். மாயா என்பது அப்பகுதியின் பூர்வகுடி மக்களின் பெயர். அவர்களில் ஒருவர் என் அண்ணன் மகளின் திருமணத்தில் எங்களை ஏமாற்றினார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அதே சொற்களுடனும் அதே மாதிரிப் படங்களுடனும் வேறு பல விளம்பரங்களையும் பிறகு பார்த்தேன் என்பதால், பெயரைவிட நடந்த விதத்தைச் சொல்வதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மணமகனின் குடும்பம் மெக்சிகோவின் யுகத்தான் மாநிலத்தைச் சேர்ந்தது. அவருடைய பாட்டி வயாதோலித் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் இன்றும் வசிக்கிறார். அவர் வீட்டில் பேச்சு முழுவதும் மாயா மொழிதான். டொராண்டோவில் வளர்ந்த பேரன், பாட்டியின் முன்னிலையில் அவருடைய மொழியிலேயே ஆசி பெற்றுத் திருமணம் செய்துகொள்ள விரும்பினார். இரு வீட்டாரும் வந்து தங்க வசதியாக இருக்கும் என்பதால் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாயா சமூகத்தில் ‘ஹ்மென்’ எனப்படும் பூசகர் மாயா மொழியில் சடங்கை நடத்துவார், கோப்பால் மரப்பிசின் புகையிடப்படும், சட்டப்படி செல்லத்தக்க திருமணச் சான்றிதழ் தரப்படும், கடலில் சூரியன் மறையும் வேளையில் சடங்கு நிறைவடையும் என்றெல்லாம் ஏற்பாட்டாளர் மின்னஞ்சலில் உறுதியளித்தார். மொத்தத் தொகை 4,800 அமெரிக்க டாலர். அதில் பாதியை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு முன்பணமாக அனுப்பச் சொன்னார்.

அந்தக் கரை கிழக்கு நோக்கியது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது பின்னாலுள்ள காட்டுப் பக்கம். விளம்பரப் படத்தில் இருந்த அஸ்தமனம் வேறெங்கோ எடுக்கப்பட்டது.

சடங்குக்காக மணலில் பூவிதழ்களால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். மாயா மரபில் கிழக்குக்குச் சிவப்பு, வடக்குக்கு வெள்ளை, மேற்குக்குக் கறுப்பு, தெற்குக்கு மஞ்சள், நடுவில் பச்சை. இங்கோ கடல் இருந்த கிழக்குப் பக்கத்தில் மஞ்சளும் எதிர்ப்பக்கத்தில் சிவப்பும் கிடந்தன. கோப்பால் என்று சொல்லிக் கொளுத்தியது கடையில் விற்கும் வாசனைக் கூம்பு. நம் வீட்டுச் சாம்பிராணியைப் போலத் தணலில் இட்டுப் புகைய விட வேண்டிய பிசின் அங்கே ஒரு துண்டுகூட இல்லை. பின்னால் ‘மாயா நாட்காட்டி’ என்று தொங்கவிட்டிருந்த திரையில் இருந்தது, 1790ஆம் ஆண்டு மெக்சிகோ நகரத்தின் மையச் சதுக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட, அஸ்தெக் என்னும் வேறோர் இனத்தாரின் சூரியக் கல். நீண்ட இறகுக் கிரீடமும் கணுக்கால் சலங்கையுமாக ஆடியவர்களின் ஆட்டமும் மத்திய மெக்சிகோவைச் சேர்ந்ததுதான்.

சடங்கை நடத்தியவரிடம் பாட்டி மாயா மொழியில் நலம் விசாரித்து, எந்த ஊர் என்று கேட்டார். அவர் தலை குனிந்து வணங்கி, ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். பாட்டி இன்னும் மெதுவாக மறுபடியும் கேட்டார். அவர் சிரித்துவிட்டுச் சங்கை எடுத்து ஊதத் தொடங்கினார். பின்னர் விசாரித்தபோது, ஹோட்டல்களில் மாலை நிகழ்ச்சிகளில் ஆடுபவர் என்று தெரிந்தது. கூலிக்கு வந்த அந்த மனிதர் மீது எனக்குக் கோபமில்லை. மாயா மொழி பேசுவோர் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் 7.5 லட்சத்துக்கும் மேல் இருக்கும்போது, அவர்களில் ஒருவரைக்கூடத் தேடாமல், அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஒரு மூதாட்டியின் முன்னால் இப்படி ஒன்றை அரங்கேற்றத் துணிந்த ஏற்பாட்டாளரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தன் திருமணம் தேவாலயத்தில் நடந்ததாகப் பாட்டி சொன்னார். 1562இல் மாயா நூல்களைத் தீயிலிட்ட ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தே லாண்டா அக்கால மாயா திருமணங்களைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளில்கூட, பெண்ணின் தந்தை வீட்டில் நடக்கும் விருந்தும், மாப்பிள்ளை மாமனாருக்காக ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கும் வழக்கமும்தான் காணப்படுகின்றன. ஆகவே கடற்கரைச் சடங்கைத் ‘தொன்மையானது’ என்று ஒருவர் விற்க வந்தால், அதில் எந்தப் பகுதி எந்த ஊர் வழக்கம் என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர், இன்னின்னது இக்காலத்துக்காக அமைத்துக்கொண்டது என்று மறைக்காமல் சொல்லிவிடுவார்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருமணத்தன்று காலையில், கடற்கரை அனுமதிக்கு என்று 500 டாலரை ரொக்கமாகக் கேட்டு வாங்கினார்கள், ரசீது தரவில்லை. மெக்சிகோவில் கடற்கரைகள் பொதுச் சொத்து. கரையோரம் 20 மீட்டர் அகலப் பட்டை கூட்டரசின் பொறுப்பில் உள்ளது. அங்கே நிகழ்ச்சி நடத்த அனுமதி தேவை என்பது உண்மைதான், ஆனால் அந்த அனுமதி கடிதமாக இருக்கும், அதை முன்கூட்டியே காட்டச் சொல்லலாம். ஜூன் மாதம் என்பதால் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி கரையில் குவிந்து அழுகி, கெட்ட முட்டை நாற்றம் வீசியது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கரையில் இது வழக்கம் என்பதை அங்கே தொழில் செய்பவர் அறியாமல் இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய பாதிப்பு சான்றிதழில்தான். மெக்சிகோவில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் முதலே திருமணம் என்பது அரசுப் பதிவு சார்ந்தது. குடிமைப் பதிவு அலுவலர் முன்னிலையில் நடப்பதற்கு மட்டுமே சட்ட மதிப்பு உண்டு, எந்தச் சடங்குக்கும் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது இறகுப் படம் அச்சிட்ட ஓர் அழகான தாள். பிள்ளைகள் டொராண்டோவுக்குத் திரும்பி, நகர அலுவலகத்தில் உரிமம் எடுத்து மீண்டும் பதிவுத் திருமணம் செய்ய வேண்டியதாயிற்று. அங்கேயே சட்டப்படி முடிக்க விரும்புவோர், தேவையான ஆவணங்களை முன்கூட்டியே கொடுத்து, பதிவு அலுவலரைத் தனிக் கட்டணத்தில் கடற்கரைக்கே வரவழைக்க முடியும். அந்த அலுவலகத்தோடு நீங்களே நேரடியாகப் பேசுங்கள்.

நடத்துபவரின் பெயர், ஊர், மொழி ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அவரோடு வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில், நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் செலுத்துங்கள். நாங்கள் அனுப்பியது தனிநபர் கணக்குக்கு என்பதால் வங்கியால் அதை மீட்டுத் தர முடியவில்லை. மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான புரோஃபெகோவில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே போல ஏமாந்தவர்கள் தங்கள் மின்னஞ்சல்களையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அழித்துவிடாமல் வைத்திருந்து, அங்கே புகார் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.