தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு மருந்துக் கடை

திருச்சி தில்லை நகரில் கிளினிக்குகள் நெருங்கியிருக்கும் குறுக்குத் தெருக்கள் ஒன்றில் உள்ள மருந்துக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒன்பது ஆண்டுகளாக என் அம்மாவுக்கு அங்கேதான் மருந்து வாங்குகிறேன். கேட்ட மருந்து இருக்கிறதா, தள்ளுபடி உண்டா, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா என்ற கேள்விகளில் இந்தக் கடை மற்ற நல்ல கடைகளைப் போன்றதுதான். அது தனித்து நிற்பது, புதிதாக வேலைக்கு வருபவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் விதத்தில். என் தங்கை மகள் டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பின் இறுதித் தேர்வை எழுதிவிட்டு மூன்று மாதங்கள் அங்கே பயிற்சி பெற்றாள். அதனால் கவுன்ட்டருக்கு வெளியே நின்று பார்த்ததோடு, உள்ளே நடப்பதையும் தினமும் இரவில் அவள் வாயால் கேட்டேன்.

டி.பார்ம் இரண்டாண்டுப் படிப்பு. வகுப்பு முடிந்ததும் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சி பெற வேண்டும்; அது மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பரவியிருக்க வேண்டும்; அதில் 250 மணி நேரமாவது மருத்துவர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதிலேயே செலவாக வேண்டும் என்பது விதி. விதி தாளில் இருக்கிறது, நடப்பு வேறு. நாங்கள் முதலில் அணுகிய இன்னொரு கடையில், பிள்ளை வரவே வேண்டாம், படிவத்தைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தருகிறோம் என்றார்கள். உதவி செய்வதாக நினைத்துத்தான் அன்பாகச் சொன்னார்கள். இதே மனப்பான்மையின் முற்றிய வடிவம்தான் சான்றிதழை வாடகைக்கு விடுவது. சுவரில் ஒருவருடைய பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கும், அவரை யாரும் கண்டதில்லை, மருந்து எடுத்துக் கொடுப்பது பத்தாம் வகுப்பை முடித்த ஒரு பையனாக இருக்கும். மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் தயாரிக்கவோ வழங்கவோ கூடாது என்று 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டத்தில் 42ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு மீறப்படும் கடையில் அந்தப் பையனுக்கும் ஆபத்து, வாங்குகிறவருக்கும் ஆபத்து. என் தங்கை மகள் அந்தக் கடைக்குப் போகவில்லை.

இந்தக் கடையில் ஆள் எடுக்கும் முறை எளிமையானது. விளம்பரம் கிடையாது; கல்லூரி ஆசிரியர்கள் சொல்லியோ, இங்கே முன்பு வேலை பார்த்தவர்கள் சொல்லியோதான் ஆட்கள் வருகிறார்கள். வந்தவரிடம் உரிமையாளர் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. பெயர் தெரியாதபடி மேற்பகுதி வெட்டப்பட்ட ஒரு பழைய சீட்டைக் கொடுத்து, அதிலுள்ளதைப் படிக்கச் சொல்கிறார். கையெழுத்து வேண்டுமென்றே மோசமானதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். இரண்டு மருந்துகளைப் படித்துவிடலாம், மூன்றாவதை யாராலும் படிக்க முடியாது. ஊகித்துச் சொல்பவர், அந்த ஊகம் சரியாகவே இருந்தாலும், திருப்பி அனுப்பப்படுகிறார். என் தங்கை மகள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இது எனக்குப் புரியல சார், டாக்டர்கிட்ட போன் பண்ணிக் கேட்கணும்” என்றாளாம். “திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு வந்துரும்மா” என்று பதில் வந்தது. பின்னர் அதைப்பற்றி நான் அவரிடமே கேட்டேன். மருந்தின் பெயர்களை ஆறு மாதத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கத்தை வளர்ந்த பிறகு கற்றுக்கொடுக்க முடிவதில்லை என்றார். முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர் சொல்லும் இந்த வார்த்தையை நான் அப்படியே ஏற்கிறேன்.

முதல் இரண்டு வாரம் புதியவர் வாடிக்கையாளரோடு பேசுவதில்லை. மொத்த விற்பனையாளரிடமிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்து, பில்லில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து அடுக்க வேண்டும். முதலில் காலாவதியாவது ரேக்கில் முன்னால் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகப் போவதைத் தனிப் பெட்டியில் எடுத்துவைத்து, திருப்பி அனுப்பும் நோட்டில் எழுத வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறிக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் உறைபனி அறையை ஒட்டி எதையும் வைக்கக் கூடாது, அடிக்கடி திறந்து மூடப்படும் கதவுத் தட்டிலும் வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் இன்சுலினை வெறும் கவரில் போட்டுத் தருவதும் இங்கே இல்லை. பனிப்பை வைத்துக் கட்டித்தான் தருகிறார்கள். ரேக் அடுக்குவது எடுபிடி வேலை என்று முதல் வாரம் முகம் சுளித்தவள், அடுக்கிய கைக்கே மருந்து எங்கே இருக்கிறது என்பதும் எந்தப் பெட்டி எந்தப் பெட்டியைப் போலிருக்கிறது என்பதும் மனப்பாடமாகிவிடுகின்றன என்று பிற்பாடு சொன்னாள். அம்லோடிபின் இரத்த அழுத்தத்துக்கு, அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும். எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். இங்கே அவற்றை வேண்டுமென்றே பிரித்து வைத்து, இடையில் மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகியிருக்கிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூத்த மருந்தாளுநர் ஒருவர் பக்கத்தில் நிற்க, புதியவர் சீட்டை வாங்கலாம். பயிற்சிக்கு வருகிற எல்லோரும் அந்த மூத்தவரை அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். புதியவர் எடுத்த மருந்தை அக்கா சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது கவுன்ட்டரைத் தாண்டும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இந்த இரண்டாவது பார்வை விடுபட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மாலையில் நான் காத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண், குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது, ஐந்து மில்லி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இன்னொரு பாட்டில் வேண்டும் என்றார். என் தங்கை மகள் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். அக்கா மெதுவாக, “வீட்டுல இருக்கறது டிராப்ஸா சிரப்பான்னு கேட்டியாம்மா?” என்றார். கேட்கவில்லை. கேட்டபோது, அது துளிமருந்து என்றும், அதைத்தான் சிரப்புக்கான அளவில் கொடுக்கவிருந்தார் என்றும் தெரிந்தது. துளிமருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம்தான். ஐந்து மில்லி துளிமருந்து என்பது பெரியவர்கள் போடும் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரைக்குச் சமம். அக்கா அந்தப் பெண்ணைப் பயமுறுத்தவில்லை. குழந்தையின் எடையைக் கேட்டு, குழந்தை மருத்துவரிடம் தொலைபேசியில் அளவை உறுதிசெய்து, துளிமருந்தின் குழலில் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று பேனாவால் குறித்துக் கொடுத்தார். என் தங்கை மகள் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு கேள்வியை இனி அவள் எந்தக் கடையிலும் கேட்காமல் இருக்கமாட்டாள்.

குழந்தைகளுக்கான தூள் ஆன்டிபயாடிக் பாட்டிலில் தண்ணீர் கலப்பதையும் இங்கே பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியிருக்கும் தூளை உதிர்க்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அம்புக்குறி வரை நிரப்ப வேண்டும். நுரையோடு அளவு பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன்தான். நுரை அடங்கக் காத்திருக்க வேண்டும் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டும். தவறுதலாகத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையையே பாதித்து உயிருக்கு ஆபத்தாகக்கூடிய மருந்து அது. இதைக் கொடுக்கும்போது இந்தக் கடையில் மாறாத ஒரு நடைமுறை உண்டு. கவரின்மேல் “புதன்கிழமை மட்டும்” என்று தமிழில் எழுதி வட்டமிட வேண்டும், மருத்துவர் வேறு நாளில் போடச் சொல்லியிருக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தனிக் கவரில் போட வேண்டும், கடைசியாக, எந்த நாளில் போடுவீர்கள் என்று வாங்குபவரையே சொல்லச் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் என்னிடம் கேட்கிறார்கள்; தெரிந்தவர்தானே என்று ஒரு முறைகூட விட்டதில்லை. என் தங்கை மகள் என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்டு, நான் “புதன்கிழமை” என்று சொல்லும்வரை கவரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இல்லை என்று சொல்லப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் போலும். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், அல்பிரசோலம், டிரமடால் போன்றவையும், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்-1 பட்டியலில் வருபவை. 2014 முதல் நடப்பிலுள்ள இந்தப் பட்டியலின்படி, எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவையும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் வந்து, போன தடவை இதுதான் கேட்டது, இரண்டு மாத்திரை மட்டும் கொடு என்று உரிமையோடு அதட்டும் பெரியவரிடம் இருபது வயதுப் பெண் எப்படி மறுப்பாள்? முதல் மாதம் உரிமையாளரே எழுந்து வந்து அவளுக்குப் பதிலாக மறுத்தார். இரண்டாம் மாதம் அவள் மறுக்க, அவர் பின்னால் நின்றார். மூன்றாம் மாதம் அவர் கல்லாவிலிருந்து தலை நிமிரவே இல்லை. இந்த ஒழுங்கை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் கண்டதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் அரை மணி நேரம் நிற்க நேரிடும். இரண்டாவது பார்வைக்கு ஒரே அக்காதான் இருக்கிறார், இன்னொருவர் கட்டாயம் தேவை. இன்ஹேலர் பிடிக்கும் விதத்தைக் கவுன்ட்டர் முனையில் எல்லோர் முன்னிலையிலும்தான் சொல்லித் தருகிறார்கள். உட்கார்ந்து தனியாகப் பேச ஒரு நாற்காலிக்குக்கூட இடமில்லை. வேலை செய்பவர்களும் நாள் முழுக்க நின்றபடிதான். சம்பளம் கற்ற தொழிலுக்கு ஏற்றதாக இல்லை என்பதால், பழகியவர்கள் ஓரிரு ஆண்டில் மருத்துவமனைகளுக்கும் பெரிய தொடர்கடைகளுக்கும் போய்விடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்து, பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் தந்தபோது, இங்கே பழகிய ஒருவர் அதற்கு விண்ணப்பித்தார். உரிமையாளர் அவரைத் தடுக்கவில்லை, விண்ணப்பத்தைத் தானே சரிபார்த்துக் கொடுத்தார். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதன் சுமை அக்காவின் தோளில்தான் விழுகிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. நம் நாட்டில் மருந்தாளுநருக்குக் கீழே உதவியாளராக வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி பதிவு என்று ஒன்றில்லை. இந்தக் கடையில் எட்டு ஆண்டுகளாக இருக்கும் ஒரு தம்பி சரக்கு அடுக்குவது, பில் போடுவது, வீடுகளுக்குக் கொண்டுபோவது ஆகியவற்றைப் பிசகில்லாமல் செய்கிறார், சீட்டைத் தொடுவதில்லை. டி.பார்ம் படிக்க வைக்கலாம் என்று உரிமையாளர் விரும்பினார். ஆனால் அவர் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவர்; இயற்பியலும் வேதியியலும், அவற்றோடு உயிரியலோ கணிதமோ படித்திருந்தால்தான் சேர முடியும். இத்தனை கவனமுள்ள ஒருவருக்கு மேலே ஏற ஒரு படி இல்லை என்பது கடையின் குற்றமல்ல.

மூன்று மாதம் முடிந்ததும் என் தங்கை மகள் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்து, 2022இல் பார்மசி கவுன்சில் ஒழுங்குமுறையாகக் கொண்டுவந்த வெளியேறு தேர்வு. மூன்று தாள்களிலும் தனித்தனியே 50 விழுக்காடு வாங்கினால்தான் பதிவு. படிக்க நேரம் வேண்டும் என்று அவளுக்கு அவசரம். உரிமையாளர் பயிற்சி நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளாகப் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். 489 மணி நேரம் வந்தது. பதினொரு மணி நேரம் குறைகிறதும்மா, இன்னும் ரெண்டு நாள் வந்துட்டுப் போ என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை எட்டரைக்கு அவள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள்.