ஊர் அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கு ஒரே கண்காட்சி என்றால்: கொலுவா, தையில் உழவுக் கருவிகளா, கோடை முகாமா?

ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகங்களின் நிலைமை எங்கே போனாலும் ஒன்றுதான். ஒரு கூடம், பின்னால் ஒரு சாமான் அறை, நாலைந்து இரும்பு பீரோ, மாலையில் வந்து கைகொடுக்கும் சிலர். 1851 முதல் இயங்கும் எழும்பூர் அருங்காட்சியகம் போல மாதாமாதம் ஏதாவது நடத்த இங்கே ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு பெரிய பருவக் கண்காட்சிதான் கட்டுப்படியாகும். எதை வைப்பது என்று பேச்செடுத்தால் மூன்று யோசனைகள் வரும்: நவராத்திரிக்குக் கொலு, பொங்கலை ஒட்டி உழவுக் கருவிகள், மே மாதத்தில் பிள்ளைகளுக்கு முகாம். அப்படி ஒன்றை நடத்தும் நாங்கள் எடுத்தது தைக் கண்காட்சி. கீழே தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கூட்டத்தை மட்டும் பார்த்தால் பேச்சே வேண்டாம், கொலுதான். ஒன்பது நாளும் மாலையில் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள், சுண்டல் தீரும், படம் எடுப்பார்கள், உண்டியலும் கொஞ்சம் நிறையும். அரங்கச் செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவை மாற்றும் விஷயம் வேறு. கண்காட்சி முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த ஆண்டு வரை அந்தப் பொருள்கள் எங்கே, எந்த ஈரப்பதத்தில், எதற்குள் இருக்கும்? அரங்கம் பத்து நாள், இருப்பு பதினொரு மாதம். திட்டம் போடும்போது பெரும்பாலும் இதை யாரும் கேட்பதில்லை.

கொலுவின் சிக்கல் நாள்காட்டியிலேயே இருக்கிறது. நவராத்திரி புரட்டாசியில் வரும், சில ஆண்டுகளில் ஐப்பசியைத் தொடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் படியைப் பிரித்து, பொம்மைகளைச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும் நேரத்தில் காற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் பெட்டியை மூடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். காகிதக்கூழ் பொம்மையில் முதலில் அடிப்பாகத்தில் சாம்பல் புள்ளி தெரியும், பிறகு வர்ணம் செதிலாக எழும்பும். கூழில் இருக்கும் பசைக்காக ராமபாணப் பூச்சியும் எலியும் வந்து சேரும். களிமண் பொம்மைக்குப் பூச்சிக் கவலை இல்லை. ஆனால் பழைய பொம்மைகளில் பலவற்றுக்கு வர்ணம் நீரில் கரையக்கூடியது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் முகமே அழிந்துவிடும். மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கொலு வைத்தே தீருவோம் என்பவர்கள் படியை உடனே பிரிக்காமல், நாலு நாள் தொடர்ந்து வெயில் அடிக்கும் வரை பொம்மைகளை அப்படியே மேலே விட்டுவைக்கலாம். சம்பிரதாயத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் போதும். சுற்றுவதற்குப் பாலிதீன் உறையும் வேண்டாம், செய்தித்தாளும் வேண்டாம். காடாத்துணியை இரண்டு முறை வெந்நீரில் துவைத்துக் கஞ்சியைப் போக்கிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஒரு தகரப் பெட்டிக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டிப் போடலாம். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு ஆகாது. நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். மழைக்காலம் முழுக்க யாராவது வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் இடிக்கிறது. ஏசி போட்டுவிடலாமே என்பார்கள். பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏசி, இல்லாததைவிடக் கெடுதல். குளிர்ந்த பொருள்மேல் இரவுக் காற்றின் ஈரம் படிந்துவிடும்.

இன்னொன்று, கொலுப் பொம்மைகள் பெரும்பாலும் இரவல். பாட்டி காலத்து மரப்பாச்சியையும் தசாவதார செட்டையும் யாரும் தானமாகத் தர மாட்டார்கள். ஒரு வாமனனின் குடை முறிந்தால் ஒரு தெருவே பேசாமல் போகும். இரவல் வாங்கும்போதே பொம்மையை நான்கு பக்கமும் படமெடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல், உதிர்வு எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பித் தரும் தேதியையும் எழுதுங்கள். அது இல்லாமல் ஒரு பொம்மையைக்கூட உள்ளே எடுக்காதீர்கள்.

கொலுவே சரியாக வரும் ஊர்களும் உண்டு. மதுரைப் பக்கம் விளாச்சேரி, கடலூர்ப் பக்கம் பண்ருட்டி போலப் பொம்மை செய்பவர்கள் அருகிலேயே இருந்தால், பழைய பொம்மைகளைத் தொடாமல் செய்முறையையே காட்சியாக்கலாம். அச்சு, அரைகுறைப் பொம்மை, சுட்டது, முதல் வெள்ளைப் பூச்சு, வர்ணம், கண் திறப்பு என்று படிக்கு ஒரு கட்டமாக வைத்தால் பார்ப்பவர்கள் நகர மாட்டார்கள். முடிந்ததும் பொம்மைகள் விற்றுப் போகும், எடுத்துவைக்க எதுவும் மிஞ்சாது. இருப்புக் கவலை இல்லாத ஒரே கொலு அதுதான்.

தைக் கண்காட்சிக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. போகிக்கு வீட்டைக் கழிக்கும் பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பரண்மேல் கிடக்கும் மேழி, உடைந்த பரம்பு, கரையான் தொட்ட நுகத்தடி, ஓட்டை விழுந்த கடகப்பெட்டி எல்லாம் அந்த வாரத்தில்தான் கீழே இறங்கும், பாதி நெருப்புக்குப் போகும். மார்கழி முதல் வாரத்திலேயே பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் கோயில் மண்டபத்திலும் அறிவிப்பு ஒட்டினால், எரியப் போனது இங்கே வரும். இரவலாக அல்ல, கொடையாக வரும். ஒரு பக்கக் கொடைப் படிவம் போதும்.

வந்ததை நேரே கூடத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் இரண்டு வாரம் வையுங்கள். துணியில் மாவு போல மரத்தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. துளையின் உட்புறம் வெளிறித் தெரிந்தால் புதுத் துளை, கறுத்திருந்தால் பழையது. கூடை, முறம், மரக்கரண்டி போன்ற சின்னப் பொருள்களுக்கு மருந்தே தேவையில்லை. பாலிதீனில் காற்றைப் பிழிந்து இறுக்கி ஒட்டி, ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை வரை செத்துவிடும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த ஓலைமேல் நீர் கோத்து, வண்டுக்குத் தப்பியது பூஞ்சைக்குப் போகும். வர்ணம் பூசிய பொருளுக்கு இந்த வழி வேண்டாம். ஏர்க்கால், வண்டிச் சக்கரம் போன்ற பெரியவை ஃப்ரீசரில் அடங்காது. கையுறை போட்டுக்கொண்டு, துளை துளையாக ஊசியால் மரப்பூச்சி மருந்து ஏற்றுவது ஒன்றே வழி, அதைக் கூடத்துக்கு வெளியே செய்யுங்கள்.

இரும்பைப் பளபளக்கத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் கொழுவின் நுனி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கருக்கரிவாளின் பல் எங்கே மழுங்கியிருக்கிறது என்பதுதான் அந்தப் பொருள் சொல்லும் சேதி. உதிரும் துருவை மட்டும் பித்தளைக் கம்பித் தூரிகையால் எடுத்து, நான்கு பூஜ்ய எண் (0000) கொண்ட மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் லேசாகத் துடைத்து, அசிட்டோனால் பிசுக்கைப் போக்கி, பழம்பொருள் காப்புக்குப் பயன்படும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை மெல்லப் பூசித் துணியால் தேய்த்தால் போதும். தண்ணீர் படக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவும் யோசனை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சிக்கு வாடை அடித்துத் தூசியெல்லாம் ஒட்டும். சாணம் மெழுகிய சுளகைக் கழுவவே கூடாது, மெழுகலும் பொருளின் பகுதிதான். பழைய ஓலைப்பெட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் விளிம்பு மட்டும் கையோடு வரும். அடியில் அட்டை கொடுத்துத் தூக்கி, உள்ளே காடாத்துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்தால் வடிவம் குலையாது.

எண் இடுவதிலும் இந்தப் பொருள்கள் ஒத்துழைக்கும். 2025.7.3 என்றால் 2025-இல் ஏழாவதாக வந்த வரவில் மூன்றாவது பொருள். இரும்பிலும் மரத்திலும் தெரியாத ஓர் இடத்தில் அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையில் எண், மேலே இன்னொரு பூச்சு. நகப்பாலிஷ் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளித்து எண்ணோடு உரிந்துவிடும். ஓலைப் பொருளுக்குப் பருத்தி நாடாவில் எழுதிக் கட்டிவிடலாம். வர்ணம் உதிரும் கொலுப் பொம்மையில் இவை எதையும் செய்ய முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காட்சியில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அளவைதான். ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் என்று வரிசையாக வைத்தால் பெரியவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பழைய படிகளில் முத்திரை குத்தியிருக்கும், அதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் புதுப் படியைக் கொடுங்கள். ஒரே நெல்லைத் தலைதட்டி ஒருமுறை, கோபுரமாகக் குவித்து ஒருமுறை அளக்கச் சொல்லி, இரண்டையும் தராசில் நிறுத்துக் காட்டினால், குத்தகை நெல் அளக்கும்போது களத்தில் ஏன் அத்தனை சண்டை வந்தது என்பதற்கு விளக்கப் பலகையே வேண்டாம். ஆனால் அந்த நெல் ஒரு மரக்காலுக்கு மேல் போகக் கூடாது, மாலையில் கூடத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். ஓரிரவு தங்கினால் வண்டுக்கும் எலிக்கும் நாமே சாப்பாடு போட்டதாகும்.

இப்போது எடுத்துவைக்கும் கணக்கு. தை முடிந்து மாசி, பங்குனி என்று வறண்ட மாதங்கள் வருகின்றன, தையின் பெரிய அனுகூலம் இதுதான். ஆனால் ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பதை மறந்து காலையில் கட்டத் தொடங்கினால் கொலுவுக்கு நேர்ந்ததுதான் இங்கும் நேரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானியைச் சாமான் அறையில் மாட்டி, 55 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும் பிற்பகல் நேரத்தில் மட்டும் கட்டுங்கள். அவசரமில்லை என்றால் பங்குனி வரை காத்திருக்கலாம். பெரிய மரச் சாமான்களைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, செங்கல்மேல் பலகை போட்டு நிறுத்தினால் கரையான் ஏறுவது கண்ணில் படும். ஆடியில் ஒருமுறை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை பார்த்தால் போதும். வாரா வாரம் பெட்டி திறக்கும் வேலை இல்லை.

இந்தக் கணக்கு உள் மாவட்டங்களுக்கு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விடாது, மெழுகை ஆண்டுக்கு இருமுறை பூச வேண்டிவரும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியும் ஈர மாதங்கள்தான், அங்கே சிலிகா ஜெல் செலவு கூடும்.

தைக்குக் குறைகளும் உண்டு. முதல் குறை இடம். ஒரு கலப்பையும் இரண்டு சக்கரமும் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஒரு கமலைச் சட்டமும் வந்தால் சாமான் அறை நிறைந்துவிடும். கமலைச் சாலில் நீரை வெளியே விடும் தோல் வால் அபூர்வமாகவே பிழைத்துக் கிடைக்கிறது. கிடைத்தால் மடிக்காமல், துணி சுற்றிய கழியில் தொங்கவிடுங்கள், செயல்முறை காட்டுவதற்கு ரெக்சினில் ஒன்று தைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரே பொருள் பத்துப் பேரிடமிருந்து வரும். மூன்றாவது ஆட்கள். காணும் பொங்கலன்றுதான் வெளியூரில் இருப்பவர்களெல்லாம் குடும்பத்தோடு வருவார்கள், அன்றைக்குத்தான் உதவிக்கு ஆள் இருக்காது. முறைப் பட்டியலை மார்கழியிலேயே போட்டுவிடுங்கள்.

கோடை முகாமை நாங்கள் தனி நிகழ்ச்சியாக அதிகம் நடத்தியதில்லை, அதனால் சுருக்கமாகவே. மே 18 உலக அருங்காட்சியக நாள் என்பதால் அதை நடுவில் வைத்து ஒரு வாரம் திட்டமிடுவது எளிது. பழம்பொருளுக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லை, பிள்ளைகள் தொடுவது களிமண்ணையும் பனையோலையையும்தான். ஓடு அல்லது தகரக் கூரை என்றால் பதினோரு மணிக்குமேல் கூடத்தில் உட்கார முடியாது, எட்டிலிருந்து பத்தரை வரை வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் மை பூசிப் படியெடுக்கும் ஆசை ஆசிரியர்களுக்கு வரும். பயிற்சி பெற்றவர் இல்லாமல் அதை அனுமதிக்காதீர்கள், கறை போகாது. முகாமின் குறை, முடிந்தபின் சேகரிப்பில் எதுவும் சேராது. ஒவ்வொரு பிள்ளையும் தாத்தா பாட்டியிடம் ஒரு கருவியைப் பற்றிக் கேட்டுக் கைபேசியில் பதிந்து வரச் சொன்னால் அந்தக் குறை பாதி தீரும். அந்தப் பதிவுகள் அடுத்த தையில் விளக்கப் பலகைகளாகும்.

தையைத் தேர்பவர்கள் மார்கழி அறிவிப்பில் வேண்டாதவற்றின் பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள்: அம்மி, ஆட்டுக்கல், உரல் போதும், இனி எடுப்பதில்லை, யார், எந்த ஊரில், எதுவரை பயன்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாத பொருள் எடுப்பதில்லை, சாமி சிலை, செப்புத் திருமேனி எதுவானாலும் எடுப்பதில்லை. கடைசியில் உள்ளதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நூறாண்டு கடந்த சிலைகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் பதிவுக்கு உட்பட்டவை, நல்லெண்ணத்தில் ஒன்றை வாங்கி பீரோவில் பூட்டி வைத்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.